கம்பிக்குக் கீழே ஒரு பள்ளம்



மேற்கு மாம்பலத்தில், ஆரிய கௌடா சாலையை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்பவருக்கு இசை புதிதன்று. ஒரு வீட்டில் சரளி வரிசை. அடுத்த வீட்டில் மிருதங்கச் சொற்கட்டு. மார்கழி மாதமானால் அயோத்தியா மண்டபத்துப் பஜனை. இவற்றுக்கெல்லாம் ஊடே மாம்பலம் நிலையத்தைக் கடக்கும் மின்ரயிலின் ஓசை. இவ்வளவுக்கும் பழகிப்போன என் செவி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் திடுக்கிட்டு நின்றது. எதிர் வீட்டு மாடியில் யாரோ கிதாரில் தோடி ராகத்தை வாசிக்க முயன்று கொண்டிருந்தார்கள்.

முயன்று கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன். வாசித்தார்கள் என்று சொல்லவில்லை. ஸ்வரங்கள் எல்லாம் அவற்றுக்குரிய இடத்தில்தான் இருந்தன. ஆயினும் தோடி வரவில்லை. காரணம் எளிது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அன்று. அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாடுவது. அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டால் எஞ்சுவது தோடியின் எலும்புக்கூடுதான். மாடியிலிருந்த இளைஞர் காந்தாரத்தை எத்தனையோ முறை அசைத்துப் பார்த்தார். அது நட்டுவைத்த கம்பம் போல நின்றது.

குற்றம் அவருடைய விரலில் இல்லை. அவர் கையிலிருந்த மரத்தில் இருந்தது. கருவியை ஒருவர் தம் இசைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளலாமா, அல்லது இசையைக் கருவிக்கு ஏற்ப வளைத்துக்கொள்வதா என்ற வழக்கு நம் நாட்டில் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக நடந்து வருவது. அந்த வழக்கின் வரலாற்றில் சில பக்கங்களை இன்று உங்களோடு புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். கம்பி வாத்தியத்தில் ஸ்வரத்தை அசைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரலைக் கம்பியின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வது. மற்றொன்று, விரலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது. இழுத்தால் கம்பியின் விறைப்பு மிகும், விறைப்பு மிகுந்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். நம்முடைய கமகங்களில் பெரும்பகுதியை வீணை இவ்விரண்டாவது வழியில்தான் பேசுகிறது. தோடியின் காந்தாரத்துக்குக் கம்பியை நான்கு அரைச்சுர அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். கிதாரில் இந்த இழுப்பு எளிதில் நிகழாது. அங்கே மெட்டுக்கள் மரத்தின் மேல் மயிரிழை போலச் சற்றே தலைநீட்டி நிற்பவை. விரல் கம்பியை அழுத்தும்போது விரல் நுனி மரத்திலேயே பதிந்துவிடுகிறது. மரத்தோடு உராய்ந்துகொண்டு கம்பியை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? மேல்நாட்டு இசைக்கு அவ்வளவு இழுப்பு வேண்டியதில்லை. ஆகவே அவர்கள் அதற்கு இடம் வைக்கவில்லை. அது குறையன்று.

இனி வீணைக்கு வருவோம். வீணையைப் பாடத்திலும் படத்திலும் கண்டவர்கள் யாளி முகத்தையும் குடத்தையும் சுரைக்காயையும் நினைவில் வைத்திருப்பார்கள். சரசுவதியின் மடியில் இருப்பதால் அதன் அழகைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, அதன் அமைப்பைப் பற்றிப் பேசுவது குறைவு. வீணையின் தண்டியை மேலிருந்து நோக்குங்கள். இரு ஓரங்களிலும் கறுத்த மெழுகால் இரண்டு வரம்புகள் எழும்பியிருக்கும். அவ்வரம்புகளின் மேல் 24 மெட்டுக்கள் பாலம் போலக் குறுக்கே கிடக்கும். இரண்டு வரம்புகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, ஒரு பள்ளம். கம்பியும் விரலும் அந்தப் பள்ளத்தின் மேலே தொங்குகின்றன. விரல் நுனிக்குக் கீழே காற்றுத்தான். மரத்தின் உராய்வு இல்லாததால் கம்பி இழுத்த இழுப்புக்கு வருகிறது. வீணையின் பேசும் திறம் பாதி இந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையன்று.

மெழுகு என்றேன். தேன்மெழுகையும் கரித்தூளையும் சேர்த்துக் காய்ச்சி வரம்பு எழுப்பி, ஒவ்வொரு மெட்டாகச் சுருதி பார்த்துப் பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். இரும்பு ஆணியோ பசையோ இல்லாமல் மெழுகை ஏன் வைத்தார்கள் என்று வியப்பவர் உண்டு. மெழுகு சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஆகவே மெட்டைச் சற்றே நகர்த்தித் திருத்தலாம். அதே காரணத்தால் சென்னையின் சித்திரை வெயிலில் மேளம் கலையவும் செய்யும். நம்மவர்கள் இத்தொல்லையை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள். ஸ்வரத்தானம் ஒரு தச்சனின் அளவுகோலுக்கு அடங்கிய பொருள் அன்று, வாசிப்பவரின் செவிக்கு அடங்கிய பொருள் என்ற எண்ணம் அந்த மெழுகில் இருக்கிறது. அண்மைக் காலத்தில் மெழுகை விடுத்து, திருகாணி வைத்து நகர்த்தக்கூடிய மெட்டுக்களும் வந்துள்ளன. பயணம் போகிறவர்களுக்கு அவை வசதி.

இந்த 24 மெட்டுக்கள் ஆதியிலிருந்தே இப்படி இருந்தவை அல்ல. ஒரு காலத்தில் ராகத்துக்கு ராகம் மெட்டுக்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். தோடி முடிந்து கல்யாணி வாசிக்க வேண்டுமானால் மெட்டுக்களைக் கலைத்து வைக்க வேண்டும். 1550-இல் ராமாமாத்தியர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியிலும், 1609-இல் சோமநாதர் எழுதிய ராகவிபோதத்திலும் வீணையின் மெட்டு அமைப்பு விரிவாகப் பேசப்படுகிறது. எல்லா ராகங்களையும் ஒரே அமைப்பில் வாசிப்பதற்கு மெட்டுக்களை எங்கே நிலைநிறுத்துவது என்பதே அக்காலத்து அறிஞர்களின் பெருங்கேள்வி. ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுக்கள், இரண்டு ஸ்தாயிக்கு 24 என்று அதனை நிலைநிறுத்திய பெருமையைத் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதருக்கும் மரபு வழங்கியிருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு இரகுநாத வீணை என்ற பெயரும் உண்டு. அந்தத் தீட்சிதரின் மகன் வேங்கடமகியே சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களை வகுத்தவர். தந்தையின் பெயர் மெட்டுக்களோடும் மகனின் பெயர் மேளங்களோடும் சேர்ந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கருவி நிலைபெற்ற பின்னர்தான் கணக்கு நிலைபெறுகிறது.

ஆனால் நிலைத்த மெட்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. மெட்டு நிலைத்துவிட்டால் ஸ்வரமும் நிலைத்துவிடும் அல்லவா? அந்த ஆபத்திலிருந்து நம் இசையைக் காத்தது பள்ளம். மெட்டு ஓரிடத்தில் உறுதியாக நிற்கலாம். கம்பி அதன் மேல் அசையலாம். உறுதியும் அசைவும் ஒரே தண்டியில் கூடின. பிற்காலத்தில் வீணை எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் நின்றபடி கம்பியை இழுத்து இழுத்துப் பல ஸ்வரங்களை ஒலிக்கச் செய்ததைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பாட்டே இல்லாத தமிழ்ப்படமான 'அந்த நாள்' படத்தை 1954-இல் இயக்கியவரும் அவரேதான்! இசைக்கலைஞர் ஒருவர் பாட்டைத் துறந்து படமெடுத்தது ஒரு வேடிக்கை. அது இன்றைய பேச்சுக்குப் புறம்பானது.

வீணையின் உறுப்புக்களில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கம்பிகள் சென்று அமரும் குதிரையின் மேல் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அது தட்டையானது அன்று, சற்றே வளைந்தது. அதிரும் கம்பி அந்த வளைவின் மேல் உரசி உரசி எழுவதால்தான் வீணைக்கும் தம்பூராவுக்கும் அந்த நீண்ட, மினுமினுக்கும் நாதம் கிடைக்கிறது. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தில் அசைவற்றுப்போகும் கிளைநாதங்கள் ஒலிக்கமாட்டா என்பது மேல்நாட்டு இயற்பியலார் கண்ட விதி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், அவ்விதி நம் வீணையிலும் தம்பூராவிலும் பொருந்தவில்லை என்பதைக் கல்கத்தாவில் ஆராய்ந்து 1921-இல் வெளியிட்டார். நோபல் பரிசுக்கு ஒன்பது ஆண்டுகள் முந்திய செய்தி இது. பெயர் தெரியாத ஒரு கொல்லன் தகட்டை அரத்தால் அராவி வளைத்து வைத்தான். அவன் செய்ததன் காரணத்தை விஞ்ஞானம் பின்னால் வந்து கண்டது.

பழந்தமிழர் போற்றிய யாழ் ஏன் மறைந்தது என்ற வினாவையும் இவ்விடத்தில் எழுப்பலாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழின் வடிவங்களையும் நரம்புகளின் சுருதிக் கணக்கையும் அவர் மீட்டுத் தந்தார். யாழின் மறைவுக்குப் பலர் பல காரணம் கூறுவர். என் எண்ணம் இது: நரம்பை அழுத்தி இழுப்பதற்கு அடியில் தண்டி இல்லாத கருவி, கமகம் பெருகிய இசையோடு நெடுங்காலம் உடன்வர இயலாது. மெட்டும் பள்ளமும் உடைய வீணை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வேற்றுநாட்டுக் கருவி நம்மிடம் வந்தபோதெல்லாம் இதே சோதனைதான். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) பிடிலைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார் என்பது யாவரும் அறிந்தது. பிடிலில் மெட்டே இல்லை. விரல் வழுக்கிச் செல்ல வழி ஏற்கெனவே திறந்திருந்தது. ஆகவே மரத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. சுருதி கூட்டும் முறையையும் அமரும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். தலையைக் கணுக்காலில் சாய்த்ததும் வேலை முடிந்தது. இருநூறு ஆண்டுகளில் அது நம்முடையதாகவே ஆகிவிட்டது.

கோட்டு வாத்தியத்தின் வழி வேறு. வீணையின் மெட்டுக்களை அடியோடு நீக்கிவிட்டு, கருங்காலிக் கட்டை ஒன்றைக் கம்பியின் மேல் வழுக்கி வாசிப்பது அது. சித்திரவீணை என்று இப்போது வழங்கும் இக்கருவியில் வாசிக்கும் கம்பிகளும் சுருதிக் கம்பிகளும் அனுநாதக் கம்பிகளுமாக 21 கம்பிகள் உண்டு. மைசூர் அரண்மனையில் இருந்த நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஆகியோர் வாசிப்பால் அது புகழ் பெற்றது. கடலுக்கு அப்பால் ஹவாய்த் தீவில் கிதாரை மடியில் கிடத்தி இரும்பை வழுக்கி வாசிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றியது. ஹவாய்க் கலைஞர் டவு மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி அதனைக் கற்பித்தார். வட நாட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி இசைக்கு ஏற்றார். விசுவ மோகன் பட் அனுநாதக் கம்பிகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். அவரும் அமெரிக்கரான ரை கூடரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டுக்கு 1994-இல் கிராமி பரிசு கிடைத்தது. எல்லாம் நன்று. ஆனால் இவை வழுக்கும் வழியில் செல்பவை. நான் சொல்ல வந்தது இழுக்கும் வழியைப் பற்றி.

மெட்டுள்ள கிதாரை, மெட்டை நீக்காமலே, வீணையின் பேச்சுக்குக் கொண்டுவர முடியுமா? இவ்வினாவுக்கு விடை கண்ட கருவி 1970-களில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. அதன் பின்னணியில் ஒரு தமிழறிஞர் இருந்தார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

ஜான் மக்லாஃப்லின் ஆங்கிலேயர். 1971-இல் மகாவிஷ்ணு என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்து, மின்கிதாரை இடியோசை போல முழக்கிப் புகழ் பெற்றவர். அந்த முழக்கத்துக்கு நடுவிலேயே அவருக்கு நம் இசையில் நாட்டம் பிறந்தது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது நம் இசையைக் கற்பித்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் டாக்டர் எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்தில் உள்ள இசைச் செய்திகளை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். வாய்ப்பாட்டிலும் வீணையிலும் வல்லவர். அவரிடம் மக்லாஃப்லின் வீணை கற்றார். யாழின் மரபை ஆராய்ந்த ஒருவர், கிதார்க் கலைஞரின் கையில் வீணையைக் கொடுத்தார். அக்காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

மக்லாஃப்லின் வீணைக் கலைஞர் ஆகவில்லை. ஆனால் வீணையில் தாம் செய்ய முடிந்ததைக் கிதாரில் செய்ய முடியவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். எதிர் வீட்டு இளைஞர் தோடியில் கண்ட அதே முட்டுக்கட்டை. அவர் தம் குறையைச் சொன்ன தச்சர் ஆப்ரகாம் வெக்ட்டர் என்பவர். கிப்ஸன் நிறுவனத்தின் ஜே-200 என்ற பெரிய வயிறுடைய கிதாரை ஒட்டி வெக்ட்டர் செய்த கருவியில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, ஒலித்துளையின் மேலாக, வாசிக்கும் ஆறு கம்பிகளுக்கு அடியில், ஏழு கம்பிகள் சாய்வாகக் குறுக்கே ஓடின. அவற்றை வேண்டிய சுருதிக்குத் தனித்தனியே கூட்டிக்கொள்ளலாம்; கையால் மீட்டவும் செய்யலாம், அனுநாதமாக ஒலிக்கவும் விடலாம். நம் வீணையில் பக்கவாட்டில் உள்ள மூன்று தாளக் கம்பிகளும், சிதாரின் தரப்புக் கம்பிகளும் ஒரே இடத்தில் சந்தித்தது போன்ற ஏற்பாடு. பார்த்தவர்கள் எல்லோரும் இந்த ஏழு கம்பிகளைப் பற்றியே பேசினார்கள்.

நான் பேச விரும்புவது கண்ணில் அவ்வளவாகப் படாத மற்றொன்றைப் பற்றி. மெட்டுக்கு மெட்டு இடையே இருந்த மரத்தைக் கிண்ணம் போலக் குடைந்து எடுத்திருந்தார்கள். மெட்டுக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் நடுவே மரம் தாழ்ந்தது. விரல் நுனி மரத்தில் படாமல் கம்பியை மட்டும் பற்றியது. வீணையில் மெழுகு வரம்பை எழுப்பி உண்டாக்கிய பள்ளத்தை, அங்கே மரத்தைக் குடைந்து உண்டாக்கினார்கள். நம்மவர் கூட்டிச் செய்ததை அவர்கள் கழித்துச் செய்தார்கள், கணக்கு ஒன்றுதான்.

அக்கருவியோடு அவர் அமைத்த குழுவின் பெயர் சக்தி. பிடிலுக்கு எல். சங்கர், தபேலாவுக்கு ஜாகீர் உசேன், தொடக்கத்தில் மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் வி. ராகவன், கடத்துக்கு நம் விக்கு விநாயக்ராம். 1975-இல் மேடையில் பதிவான அவர்களுடைய முதல் இசைத்தட்டு அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1977-க்குள் மேலும் இரண்டு. அந்நாளில் அவை பெரிதாக விற்கவில்லை. மின்னோசைக்குப் பழகிய மேல்நாட்டு ரசிகர்களுக்கு, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்கும் இந்தக் கூட்டம் புதிராக இருந்திருக்க வேண்டும். இங்கே சென்னையில் இருந்தவர்களோ, அது நம் சங்கீதமா என்று ஐயுற்றோம். இருவர் ஐயமும் நியாயமானதே. ஆனால் அந்தத் தட்டுக்களில் கிதாரின் கம்பி வளைந்து ஏறி இறங்கும் இடங்களை உற்றுக் கேளுங்கள். அங்கே ஒரு வீணை ஆசிரியரின் நிழல் தெரியும்.

இந்தக் குடைவை மக்லாஃப்லினும் வெக்ட்டருமே உலகில் முதன்முதல் கண்டார்கள் என்று எண்ணிவிடலாகாது. வியட்நாம் நாட்டின் தென்பகுதியில் காய் லுவாங் என்றொரு இசை நாடகம் உண்டு. நம் ஸ்பெஷல் நாடகங்களைப் போல ஊர் ஊராக நடந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அங்கே கிதார் வந்து சேர்ந்தபோது, நாடகக் கலைஞர்கள் தங்கள் பாட்டின் அசைவுகள் அதில் வராததைக் கண்டு, மெட்டுக்களின் நடுவே மரத்தைக் குடைந்துவிட்டார்கள். பள்ளமான மெட்டு என்று பொருள்படும் பெயரிலேயே அக்கிதார் அங்கே இன்றும் வழங்குகிறது. சக்தி குழுவுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியது இது. வியட்நாமியரிடம் வீணை இல்லை; தஞ்சாவூரை அவர்கள் அறியார். ஆயினும் அசையும் ஸ்வரம் தன் பள்ளத்தைத் தானே தோண்டிக்கொண்டது.

கருவியைத் தமக்கென்று செய்வித்துக்கொண்டவர்கள் வரிசையில் எல். சங்கரையும் விட்டுவிட இயலாது. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். பத்துக் கம்பிகளும் இரண்டு கழுத்துக்களும் கொண்ட இரட்டைப் பிடில் ஒன்றை 1980-இல் கென் பார்க்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞரைக் கொண்டு செய்வித்தார். மேல்நாட்டுப் பெரும் பிடில் முதல் சிறு பிடில் வரையிலுள்ள நான்கு கருவிகளின் ஒலியெல்லையும் அந்த ஒரே கருவியில் அடக்கம். எனக்கு அதன் உருவத்தைக் கண்டால் சற்று அச்சமாகவே இருக்கும். ஒலியைக் கேட்டால் அச்சம் நீங்கும்.

மாண்டலின் சீனிவாஸ் செய்த மாறுதல் இவற்றை எல்லாம்விடச் சிறியது, பயனில் பெரியது. ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் 1969-இல் பிறந்த அவர் 1981-இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சபையில் வாசித்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவர். மாண்டலினில் வழக்கமாக நான்கு இணைக் கம்பிகள், ஆக எட்டு. இணையாக ஓடும் இரு கம்பிகளை ஒரே அளவாக இழுத்துக் கமகம் தருவது மிகக் கடினம். ஒன்று சற்றுப் பிந்தினாலும் அபசுரம். சீனிவாஸ் இணைகளை ஒழித்து ஒற்றைக் கம்பிகளாக்கினார். ஐந்தாவது கம்பி ஒன்றையும் சேர்த்துக் கீழ் ஸ்தாயிக்கு இடம் கண்டார். மீட்டிய மறுகணமே மாண்டலினின் நாதம் தேய்ந்துவிடும் குறையை மின்சாரத்தால் போக்கிக்கொண்டார். வெள்ளைக்காரக் குழந்தையின் விளையாட்டுச் சாமான் என்று முகம் சுளித்தவர்களே பிறகு முன் வரிசையில் வந்து அமர்ந்தார்கள். 1997-இல் மக்லாஃப்லின் சக்தியை மீண்டும் கூட்டியபின், அதில் சீனிவாஸும் இடம் பெற்றார். பள்ளம் குடைந்த கிதாரும் கம்பி குறைத்த மாண்டலினும் ஒரே மேடையில் உரையாடின. 2014 செப்டம்பரில், 45 வயதிலேயே, அவர் சென்னையில் காலமானது நமக்கெல்லாம் பேரிழப்பு. சக்தி குழுவினர் பின்னும் தொடர்ந்து, விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் முதலியோருடன் வெளியிட்ட இசைத்தட்டு 2024-இல் கிராமி பரிசு பெற்றது.

இத்தனையும் சொன்ன நான், ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். அது என்னுடைய பிழை. எதிர் வீட்டு இளைஞரிடம் இந்தப் பள்ளத்தின் கதையை ஒரு நாள் விரிவாகச் சொன்னேன். கேட்ட உற்சாகத்தில் அவர் தம் கிதாரை எடுத்துக்கொண்டு போய், நாற்காலி மேசை செய்யும் தச்சர் ஒருவரிடம் குடையக் கொடுத்துவிட்டார். அது அவருடைய தந்தை முதல் மாதச் சம்பளத்தில் வாங்கித் தந்த கருவி. தச்சர் நல்லவர், கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்தார். அதுதான் கேடாயிற்று. பல இடங்களில் பள்ளம் வேண்டியதைவிட ஆழமாகப் போய்விட்டது. இரண்டு மெட்டுக்கள் பிடிப்பிழந்து எழும்பின. கழுத்து மெலிந்து, கம்பிகளின் விறைப்பைத் தாங்காமல் முன்னே வளைந்தது. பள்ளத்தின் சிறப்பை மட்டும் சொன்னேனே ஒழிய, அதன் அளவைச் சொல்லவில்லை. மேலும் பள்ளம் குடைந்த கருவியில் விரலைச் சற்று அதிகமாக அழுத்தினாலே கம்பி கீழே இறங்கிச் சுருதி ஏறிவிடும். கை பழகாதவனுக்குச் சாதாரணக் கிதாரில் சரியாக வரும் ஸ்வரமும் இதில் வராது. அதையும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் என்னைக் குறை கூறவில்லை. மாடியில் வாசிப்பு நின்றுவிட்டது. அது போதுமே எனக்கு.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில், என் தாயார் வாசித்த வீணைக்கு மேளம் கட்டுவதற்காகத் தஞ்சையிலிருந்து ஒரு முதியவர் வந்திருந்தார். பண்ருட்டிப் பலாமரத்தில் தண்டியும் குடமும் ஒரே மரமாகக் குடைந்த ஏகாண்ட வீணை அது. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்துவிட்டது. ஆனால் குறியீடு கிடைத்ததால் உளி பிடிக்கும் கை பெருகிவிடவில்லை என்று முதியவர் சொன்னார். தம் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதை வருத்தமின்றி, வானிலையைச் சொல்வது போலச் சொன்னார். நான் இளைஞரை அழைத்து, கிதாரைக் கொண்டுவரச் சொன்னேன்.

முதியவர் அதை மடியில் கிடத்தி, கம்பிக்கு அடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"குடைஞ்சவர் மேலே தப்பில்லைங்க ஐயா," என்றார் பின்னர். "அவரு மரத்தைப் பார்த்துக் குடைஞ்சிருக்காரு. இது விரலைப் பார்த்துக் குடையணும். தம்பி, உன் விரலைக் காட்டு."

இளைஞர் கையை நீட்டினார். முதியவர் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தழும்பு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று கண்டார். பிறகு, வளைந்த கழுத்தைத் தம்மால் நிமிர்த்த இயலாது, அதற்கு வேறு ஆள் வேண்டும், புதுக் கழுத்து வைப்பதே நலம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். புதுக் கழுத்தில் மேல் ஸ்தாயி மெட்டுக்களுக்கு மட்டும் முதலில் சிறிது குடைந்து, ஆறு மாதம் வாசித்துப் பார்த்து, போதவில்லை என்றால் பின்னும் சிறிது குடையலாம் என்றார். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. மெழுகாக இருந்தால் வைக்கலாம் என்று சொல்லி, அடுப்பின் மேல் இளகிக்கொண்டிருந்த கரிய மெழுகைக் கிளறினார்.

அன்று மாலை வரை இளைஞர் எங்கள் கூடத்தில்தான் இருந்தார். முதியவர் ஒவ்வொரு மெட்டாக மெழுகில் வைத்து, கம்பியை மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மெட்டைச் சற்றே தள்ளி, மறுபடி மீட்டினார். 24 மெட்டுக்களும் அமர இரண்டு நாள் பிடித்தது. இரண்டாம் நாள் அவர் இளைஞரையே கம்பியை இழுத்துப் பார்க்கச் சொன்னார். ரிஷப மெட்டில் விரலை வைத்து அவர் இழுத்தார். காந்தாரம் அசைந்தது.